ரோஷ்வென் வாசலில் பேசிய பேச்சு

தர்ஸ்டன் என் பேச்சை நம்பவில்லை. அவன் யார் பேச்சை நம்பினான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றது விளங்கும்.

பிரான்சுக்கு மேற்கே கடலோரம் இருக்கும் எங்கள் பிரிட்டனி நாட்டுக்கு நான்தான் பிரபு, நான்தான் பிரபு என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒருவருக்கு பிரெஞ்சு ராஜா துணை, மற்றவருக்கு இங்கிலீஷ் ராஜா துணை. எரிந்தது மட்டும் எங்கள் ஊர்கள். ரோஷ்வென் கோட்டையை இங்கிலீஷ்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் சர் ஜெர்வேஸ். நான் அங்கே ரொட்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஜமானர்கள் மாறினாலும் அடுப்பு மாறாது. முன்பு பிரெஞ்சுக்காரர்களுக்குச் சுட்டேன், பிறகு இவர்களுக்குச் சுட்டேன். சின்ன வயதில் ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் சமையற்கட்டில் வளர்ந்தவள் என்பதால் அந்தப் பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் பேச்சைத் தர்ஸ்டனிடம் கற்றேன். கற்றுக்கொடுத்தவனையே கட்டிக்கொண்டேன்.

தர்ஸ்டன் இங்கிலாந்தில் செஷயர் பக்கத்துக் குடியானவன். வில்லாளி. தன் உயரத்துக்கு ஒரு வில் வைத்திருப்பான். அதை வளைத்து வளைத்து அவனுடைய வலது தோள் இடது தோளைவிடப் பருத்துப்போயிருந்தது. அதிகம் பேசமாட்டான். ஆனால் ஒரு கதையை மட்டும் யார் கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

தெற்கே ஒரு சதுப்பு நிலத்தில் இங்கிலீஷ்காரர்கள் தோற்று ஓடியிருக்கிறார்கள். சர் ஜெர்வேஸின் குதிரை சேற்றில் புதைந்துவிட்டது. இரும்புக் கவசத்தோடு அவரும் இடுப்பு வரை இறங்கிவிட்டார். அவரோடு விருந்து சாப்பிட்ட கனவான்கள் எல்லாம் தப்பித்தால் போதும் என்று குதிரையை விரட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தர்ஸ்டன் திரும்பி வந்தான். வில்லை நீட்டி அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்தான். வில் ஒடிந்தது. பிறகு குப்புறப் படுத்துத் தவழ்ந்துபோய், கவசத்தின் வார்களைக் கத்தியால் அறுத்து, அவரை வெளியே எடுத்து, முதுகில் சுமந்துகொண்டு கரை சேர்ந்தான்.

அன்றைக்கே சர் ஜெர்வேஸ் ஒரு சின்னத் தேவாலயத்தில் புனிதரின் எலும்பு இருந்த பேழைமேல் கைவைத்து, எல்லார் முன்னிலையிலும் சத்தியம் செய்தார். "இவனை விட்டுட்டு நான் எந்தக் களத்தையும் விட்டுப் போகமாட்டேன். இவனுக்கு வர்றது எனக்கும் வரட்டும்." தான் குடித்த கிண்ணத்திலேயே அவனுக்கும் மது ஊற்றிக் கொடுத்தார்.

இந்த இடத்துக்கு வரும்போது தர்ஸ்டன் என் பக்கம் திரும்புவான். "அசெனோர், அந்தக் கிண்ணம் வெள்ளி. அவர் வாய் வச்ச இடத்துலயே நான் வாய் வச்சேன்" என்பான்.

"ருசி எப்படி இருந்துச்சு? அதைச் சொல்ல மாட்டேங்கிறியே" என்று நான் கேலி செய்வேன். அவன் சிரிக்கமாட்டான். அந்தக் கதையில் அவனுக்குக் கேலி கிடையாது.

அந்த வருஷம் அறுவடை முடிந்ததும் பிரெஞ்சுப் பக்கத்துப் பிரபு திபோ வந்து எங்கள் கோட்டையை வளைத்துக்கொண்டார். கல்லெறியும் பொறிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். சுவர்கள் தாங்கின. தாங்கினது சுவரால் அல்ல, சுவர்மேல் நின்ற வில்லாளிகளால்தான். அகழிக்குக் கிட்டே வந்தவன் எவனும் திரும்பிப் போகவில்லை. அப்படி விழுந்தவர்களில் திபோவின் தங்கை மகன் ஒருவன். இளம் பையன், பளபளக்கும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றான். யார் அம்பு பட்டது என்று யாருக்கும் தெரியாது. திபோ அன்று முழுவதும் கூடாரத்தைவிட்டு வெளியே வரவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

குளிர் வந்தது. மாவு தீர்ந்தது. உப்புக்கண்டம் தீர்ந்தது. சுமைக்குதிரைகளை ஒவ்வொன்றாக அடித்துச் சாப்பிட்டோம். பிறகு சவாரிக் குதிரைகளும் பானைக்குள் போயின. சர் ஜெர்வேஸின் சாம்பல் நிறக் குதிரையையும் அவருடைய கவச வீரர்களின் குதிரைகள் சிலவற்றையும் மட்டும் யாரும் தொடவில்லை. மனிதர்களுக்கு நான் ஓட்ஸ் கஞ்சியைத் தண்ணீராக்கி ஊற்றும்போது, அந்தச் சாம்பல் குதிரைக்கு முழு ஓட்ஸ் போனது.

வில்லாளிகளில் வயதானவர் யூரியன். வாயைத் திறந்தால் வம்புதான். ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தை என் முன்னால் நீட்டி, "தங்கச்சி, எனக்கு ஒரு உதவி பண்ணு. நாலு கால்ல நின்னு காட்டுறேன், அந்தக் குதிரை பங்குல கொஞ்சம் ஊத்து" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தர்ஸ்டன் மட்டும் முறைத்தான். "அண்ணே, பிரபுன்னா குதிரை இருக்கணும். குதிரை இல்லாம அவர் எப்படி நமக்கு முன்னால நிப்பாரு?"

"நமக்கு முன்னால எங்கப்பா நிக்கிறாரு? சுவர்மேல நாமதான் நிக்கிறோம்" என்றார் யூரியன்.

பேச்சுவார்த்தை நடந்த அன்று நல்ல மழை. திபோ வெள்ளைத் துணி கட்டிய ஈட்டியோடு ஒரே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு தூக்குப் பாலத்துக்கு வந்தார். சர் ஜெர்வேஸ் இறங்கிப்போனார். இருவரும் பாலத்தில் நின்று பேசினார்கள். மழை வலுத்ததும் வாசல் வளைவுக்குக் கீழே ஒதுங்கினார்கள்.

அந்த வளைவுக்கு மேலேதான் காவல் அறை. அதன் தரையில் ஒரு துவாரம் உண்டு. எதிரி வாசலை உடைக்க வந்தால் கொதிநீர் ஊற்றுவதற்காக வைத்தது. நான் அங்கே காவலுக்கு இருந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். கீழே பேசியது பக்கத்தில் பேசியதுபோல் கேட்டது. பேசியது பிரெஞ்சு. காவல்காரர்களுக்கு அது மழைச் சத்தத்தோடு இன்னொரு சத்தம். குனிந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

திபோ சொன்னார்: "நேத்தே சொல்லிட்டேன். நீங்க, உங்க வீரர்கள், வில்லாளிங்க, சமையக்காரி வரைக்கும் எல்லாரும் போகலாம். ஆயுதம் கூடாது. உள்சட்டையோட, சரணடைஞ்சதுக்கு அடையாளமா கையில வெள்ளைக் குச்சியோட நடந்து போங்க. ஒருத்தர் மேலயும் என் ஆளுங்க கை வைக்க மாட்டாங்க. இதுல உங்களுக்கு என்ன குறை?"

"நடந்தா?" என்றார் சர் ஜெர்வேஸ். "எங்கப்பா எங்க குடும்பக் கொடியோட போன வழியில எல்லாம் ஜனங்க தொப்பியைக் கழட்டினாங்க. நான் உள்சட்டையும் குச்சியுமா மாடு மேய்க்கிறவன் மாதிரி நடந்து போனா, நாளைக்கு எந்தச் சபையில போய் உக்காருவேன்?"

"அப்ப என்னதான் வேணும்?"

"என் குதிரை. கவசம், வாள். விரிச்ச கொடி. என் கவச வீரர்களுக்கும் அதே மாதிரி."

"அவ்வளவையும் விட்டுக் குடுத்தா என் ஆளுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? என் தங்கச்சி மகனை இந்தச் சுவர் அடியில இருந்துதான் தூக்கிட்டுப் போனேன். அதுக்கு நீங்க என்ன குடுப்பீங்க?"

மழை பெய்துகொண்டே இருந்தது.  என் கையில் இருந்த கரண்டியிலிருந்து கஞ்சி சொட்டுவது எனக்கே கேட்டது.

"உடன்படிக்கையில வில்லாளிங்களைச் சேர்க்க வேண்டாம்" என்றார் சர் ஜெர்வேஸ்.

"சேர்க்கலன்னா அவங்களை நான் என்ன வேணும்னாலும் செய்யலாம். புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

 "கை குடுங்க" என்றார் திபோ.

இருவரும் வெளியே வந்து மழையில் கைகுலுக்கிக்கொண்டதைச் சுவர்மேல் நின்ற வில்லாளிகள் எல்லாம் பார்த்தார்கள். தொப்பிகளைக் கழற்றி வீசி ஆரவாரம் செய்தார்கள். எங்கள் பிரபு எங்களைக் காப்பாற்றிவிட்டார் என்று கத்தினார்கள். அதில் தர்ஸ்டனின் குரலும் இருந்தது.

அன்று மாலையே முற்றத்தில் எல்லோரையும் கூட்டி சர் ஜெர்வேஸ் பேசினார். இங்கிலீஷில்தான் பேசினார். "பசங்களா, நாளைக்குக் காலையில எல்லாரும் மரியாதையோட வெளிய போறோம். நானும் கவச வீரர்களும் முன்னால போவோம். நீங்க நாணைக் கழட்டி, வில்லைக் கட்டுக் கட்டா கட்டிக்கிட்டு எங்க பின்னால வாங்க. அவ்வளவுதான். அப்புறம் கடல், அப்புறம் வீடு." சிலர் அழுதார்கள். ஒருவன் முழங்காலிட்டு அவர் கையை முத்தமிட்டான்.

நான் தர்ஸ்டனை அடுப்படிக்கு இழுத்துப்போய், கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. சர் ஜெர்வேஸ்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். என்மேல் வந்தது.

"நீ தப்பா கேட்டிருப்ப."

"அடுப்புல ரொட்டி கருகுற வாசனை எனக்குத் தப்பா தெரியுமா? அந்தப் பேச்சுல வளர்ந்தவ நான்."

"மழை பெஞ்சுச்சு. அவங்க ஆயிரம் பேசியிருப்பாங்க. பாதி காதுல விழுந்திருக்கும்."

"நான் திரும்பிப் பாக்க மாட்டேன்னாரு தர்ஸ்டன். அது பாதியா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எலும்புப் பேழைமேல கைவச்சுச் சொன்ன மனுஷன் அவரு. நீ வெறும் வாயால சொல்ற."

கட்டிய பெண்டாட்டியின் சொல்லுக்கு அன்று அவ்வளவுதான் எடை. அந்தச் சொல் என்னை எங்கே தைத்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப அவரையே போய்க் கேளு. என் முன்னால கேளு" என்றேன்.

கேட்டான். அதற்கே அவனுக்கு எவ்வளவு வெட்கம்! சர் ஜெர்வேஸ் தம் அறையில் கவசத்துக்கு எண்ணெய் போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். தர்ஸ்டன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "ஐயா, மன்னிக்கணும். இவ ஏதோ கேட்டேங்கிறா. வில்லாளிங்க உடன்படிக்கையில இல்லைன்னு..." என்று இழுத்தான்.

சர் ஜெர்வேஸ் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் நான் எல்லாம் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு எழுந்து வந்து தர்ஸ்டனின் தோளில் கைபோட்டார்.

"பொம்பளைங்களுக்குப் பயம் வந்தா காதும் கண்ணும் சேர்ந்து பொய் சொல்லும்டா. நாளைக்கு நீ கூட்டத்துல வரவேண்டாம். என் குதிரையில நான் கால் வைக்கிற அங்கவடியைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துலயே நடந்து வா. எல்லாரும் பாக்கட்டும்."

தர்ஸ்டன் நிமிர்ந்தான். அந்த அறையைவிட்டு வெளியே வரும்போது அவன் ஒரு முழம் வளர்ந்திருந்தான்.  அன்று இரவு அவன் என் பக்கத்தில் படுக்கவில்லை. கொடிக்கம்பத்தைத் துடைத்துக்கொடுக்கப் போய்விட்டான்.

நான் யூரியனிடம் போனேன். அவர் குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்டார். பிறகு தாடியைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "நான் உன்னை நம்புறதுக்கு ஒரே காரணம் சொல்றேன் தங்கச்சி. வெறும் சட்டையோட போகலாம்னு திபோ சொல்லியிருப்பாரு, எந்தத் தளபதியும் முதல்ல அதைத்தான் சொல்லுவான். நம்மாளு நாம பட்டினி கெடக்கும்போதே அந்தக் குதிரையை விடல. இப்ப விட்டுட்டு நடப்பாரா? அப்ப குதிரைக்குப் பதிலா அவரு எதையோ குடுத்திருக்கணும். குடுக்கறதுக்கு இந்தக் கோட்டையில எங்களை விட்டா வேற என்ன மிச்சம் இருக்கு?"

யூரியன் காதோடு காதாக மற்றவர்களிடம் பேசினார். பாதிப் பேருக்கு மேல் நம்பினார்கள். மற்றவர்கள், கிழவனுக்குப் பசியில் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். நம்பியவர்கள் ஒரு முடிவு செய்துகொண்டார்கள். தர்ஸ்டனிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நேரே பிரபுவிடம் போய்விடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நானும் சொல்லவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. வாசல் திறந்தது. சர் ஜெர்வேஸ் சாம்பல் குதிரைமேல் ஏறி, எண்ணெய் மினுங்கும் கவசத்தோடு புறப்பட்டார். கொடி விரிந்தது. சிவப்பில் வெள்ளை நாரை. அவருடைய அங்கவடியைப் பிடித்துக்கொண்டு தர்ஸ்டன் நடந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்தான். இப்போதாவது ஒப்புக்கொள் என்பதுபோல் இருந்தது. பின்னால் கவச வீரர்கள். அவர்களுக்குப் பின்னால் என் பேச்சை நம்பாத வில்லாளிகள், தோளில் வில்கட்டுகளோடு. அவர்கள் பாலத்தைத் தாண்டியதும் யூரியன் வாசலுக்கு மேலே கதவைத் தாங்கிய விசைக் கயிற்றை வெட்டினார். இரும்புத் தொங்குகதவு இடிபோல் விழுந்தது. மிச்சப் பேர் சுவர்மேல் ஏறி வில்லில் நாணேற்றினார்கள். நானும் ஏறினேன்.

வெளியே திபோவின் ஆட்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். சர் ஜெர்வேஸும் கவச வீரர்களும் நடுவே போக வழிவிட்டார்கள். அவர்கள் தாண்டியதும் வரிசை மூடிக்கொண்டது. ஈட்டிகள் தாழ்ந்தன. வில்லாளிகளின் தோளிலிருந்த கட்டுகளைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தார்கள். ஒருவன் தர்ஸ்டனின் கழுத்தைப் பிடித்துக் குதிரையிடமிருந்து இழுத்தான். அவன் அங்கவடியை விடவில்லை.

"ஐயா!" என்று கத்தினான். "ஐயா, இவங்ககிட்ட சொல்லுங்க!"

சர் ஜெர்வேஸ் திரும்பிப் பார்க்கவில்லை. காலை உதறினார். அங்கவடி தர்ஸ்டனின் கையைவிட்டுப் போனது.

அவன் அதற்குப் பிறகு கத்தவில்லை. கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். சுவர்மேலிருந்து அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பருத்த வலது தோள் இறங்கிவிட்டிருந்தது.

அதற்குள் திபோ மூடிய வாசலைப் பார்த்துவிட்டார். குதிரையைத் திருப்பிக்கொண்டு அகழிவரை வந்தார். நான் சுவரின் பிளவில் நின்று பிரெஞ்சில் கூப்பிட்டேன்.

"பிரபு! கோட்டை இன்னும் எங்க கையிலதான் இருக்கு. நேத்து அதை உங்களுக்குக் குடுத்தவர் கையில எதுவும் இல்ல."

"யார் நீ?"

"அசெனோர். ரொட்டி சுடுறவ."

"வாசல்ல பேசினது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் மழைக்கு எங்க காலடியில வந்து நின்னீங்க."

திபோ சிரிக்கவில்லை. சர் ஜெர்வேஸைக் கூப்பிட்டனுப்பினார். ஈட்டிக்காரர்கள் அவருடைய குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "நீங்க எனக்கு ஒரு கோட்டை தர்றதா வாக்குக் குடுத்தீங்க. கோட்டை எங்க?" என்றார் திபோ. சர் ஜெர்வேஸின் முகம் சிவந்தது. அவர் சுவருக்குக் கீழே வந்து இங்கிலீஷில் கத்தினார்.

"யூரியன்! கதவைத் தூக்கு! என் உப்பைத் தின்னவன் நீ, எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தவன். இது என் கட்டளை!"

யூரியன் வில்லில் அம்பைக் கோத்தபடியே எட்டிப் பார்த்தார். "என்னமோ சொல்றீங்க ஐயா. ஒண்ணும் விளங்கல. நீங்க இப்ப பேசுறதும் எங்களுக்கு பிரெஞ்சு மாதிரியே இருக்கு."

சுவர்மேல் யாரும் சிரிக்கவில்லை. நான் திபோவிடம் சொன்னேன்: "முதல்ல என்ன சொன்னீங்களோ அதே போதும் எங்களுக்கு. உள்சட்டை, வெள்ளைக் குச்சி, உயிர். வெளிய இருக்கிறவங்களுக்கும் அதே. இல்லைன்னா நீங்க இன்னொரு தடவை ஏணி வைக்கணும். எங்ககிட்ட அம்பு இருக்கு."

அம்பு அதிகம் இல்லை. கஞ்சி அதைவிடக் குறைவு. திபோவுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் அகழியில் செத்துக் கிடந்த தம் ஆட்களை அவர் பார்த்தார்.

"உள்ள இருக்கிறவங்களுக்குச் சரி" என்றார். "வெளிய இருக்கிறவங்க என் கைக்கு வந்தாச்சு. உடன்படிக்கையில இல்லாதவங்க. தூக்குல போடறதா என் ஆளுங்களுக்குச் சொல்லியிருக்கேன்."

"ஒரே வில்லைப் பிடிச்சவங்கதான் எல்லாரும். உள்ள நின்னவனுக்கு உயிர், பிரபுவை நம்பி வந்தவனுக்குத் தூக்கா? இது என்ன நியாயம்?"

அவர் ஈட்டிகளுக்கு நடுவே நின்ற வில்லாளிகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உயிரை விடுறேன். ஆனா என் தங்கச்சி மகன்மேல அம்பு விட்டது யாருன்னு தெரியாது. அதனால அவங்கள்ல யாரும் இனி நாண் இழுக்கக் கூடாது. வலது கையில ரெண்டு விரலை வெட்டிடுவேன். இதுக்கு மேல நான் இறங்க மாட்டேன். நீயே அவங்களைக் கேட்டுச் சொல்லு."

அதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆண்கள் தங்களைப் பற்றிய உடன்படிக்கையைத் தங்கள் பேச்சில் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டதும் ஒருவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் அம்மாவைக் கூப்பிட்டான். தர்ஸ்டன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அன்றைக்கு அவன் முகத்தை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். ஒரே காலையில் வயதாகிவிட்டிருந்தது.

"உள்ள எத்தனை நாளைக்குக் கஞ்சி இருக்கு?" என்று கேட்டான்.

திபோ பக்கம் இங்கிலீஷ் தெரிந்தவன் இருக்கலாம்.  இல்லை என்று தலையை மட்டும் அசைத்தேன்.

"அப்ப ஒத்துக்க" என்றான். ஈட்டிகளுக்கு நடுவே தானே முன்னால் நடந்துபோய், அங்கே கிடந்த வெட்டுமரத்தின்மேல் வலது கையை வைத்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

திபோ சொன்ன சொல்லைக் காத்தார். நாங்கள் கதவைத் தூக்கிவிட்டு வெளியே வந்தோம், உள்சட்டையோடு, அகழிக்கரை மரத்தில் ஒடித்துத் தோலுரித்த குச்சிகளோடு.   யாரும் எங்கள்மேல் கல் எறியவில்லை. ஈட்டிக்காரர்களில் ஒருவன் என் கையில் பழைய துணிகளைத் திணித்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். நான் கிழித்துக் கிழித்துக் கைகளைக் கட்டினேன்.

பாதையின் ஓரத்தில் சர் ஜெர்வேஸ் நின்றுகொண்டிருந்தார். கோட்டையைத் தராதவருக்குக் குதிரை எதற்கு என்று திபோ அதை வாங்கிக்கொண்டார். கவசமும் போயிற்று. கொடியைச் சுருட்டி யாரோ கழுதைமேல் கட்டியிருந்தார்கள். எங்களைப்போலவே அவரும் உள்சட்டையோடு நின்றார். குச்சி மட்டும்தான் இல்லை.

தர்ஸ்டன் அவர் முன்னால் நின்றான்.

"தர்ஸ்டன்" என்றார் அவர்.  "நான் ஊருக்குப் போனதும் உங்களை எல்லாம் மீட்க ஆள் அனுப்பியிருப்பேன்டா. நம்பு. அதுக்கு நான் வெளிய வரணும்ல? மரியாதையோட வந்தாத்தான என் பேச்சை நாலு பேர் கேப்பாங்க?"

 தர்ஸ்டனின் கையில் கட்டியிருந்த துணியில் இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

"ஐயா, வாசல்ல அவர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டான். "இவ சொன்னா. ஆனா இவ சொல்லிக் கேட்டது போதாது. அதையே ஒரு தடவை நம்ம பேச்சுல, உங்க வாயால சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடுறேன்."

சர் ஜெர்வேஸ் வாயைத் திறந்தார். பிரெஞ்சில் அவ்வளவு சுலபமாக வந்த சொற்கள் இங்கிலீஷில் வரவில்லை. உதடு அசைந்தது. பிறகு தலை குனிந்தார்.

தர்ஸ்டன் காத்திருந்தான். உண்மையிலேயே காத்திருந்தான். சொல்லியிருந்தால் அவன் மன்னித்திருப்பானோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. கடைசியில் யூரியன் வந்து அவன் முழங்கையைப் பிடித்து, "வாடா. மழை வருது" என்றார். நடந்தோம்.

கடற்கரை வந்ததும் யூரியனும் மற்றவர்களும் உப்பு ஏற்றிப்போன ஒரு கப்பலில் இடம் பிடித்துக்கொண்டார்கள். விரல் போனவர்களில் ஒருவன் வழியிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனான். தர்ஸ்டன் கப்பல் ஏறவில்லை. என் சொந்தக்காரர்கள் உப்பளம் வைத்திருந்த ஊருக்கு நானும் அவனும் போனோம். இடது கையால் வாரிப் பழகினான். உப்புத் தண்ணீர் காயத்தில் பட்டால் பல்லைக் கடித்துக்கொள்வான். அந்தச் சதுப்பு நிலக் கதையை அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

என்னிடம் அவன் மன்னிப்புக் கேட்டதும் இல்லை. ஒருநாள் கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது, "நீ சொன்னப்பவே எனக்குப் பாதி தெரிஞ்சுடுச்சு" என்றான். "தெரிஞ்சுதான் உன்மேல கோபம் வந்துச்சு." நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன். எனக்கும் கோபம் அன்றைக்கு முழுதாகப் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது.

அடுத்த வசந்தத்தில், வடக்கே ஒரு கோட்டைக்குப் புதுத் தலைவர் வந்திருப்பதாகச் செய்தி வந்தது. சர் ஜெர்வேஸ்தான். மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள உயிரையே பணயம் வைத்தவர், தம் வில்லாளிகளின் கலகத்தால் கோட்டையை இழந்தவர் என்று அவர்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம். அவருக்காகப் புதிய வில்லாளிகள் எங்கள் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். செஷயர் பையன்கள். பேச்சிலேயே தர்ஸ்டனுக்குத் தெரிந்துவிட்டது.

மண்வாரியைப் போட்டுவிட்டு அவன் துறைமுகத்துக்குப் போனான். நானும் போனேன். அவர்களை ஒரு மதுக்கடை வாசலில் பிடித்து, வலது கையைக் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. பையன்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான். இன்னொருவன் ஆப்பிள் மது வாங்கி அவனுடைய இடது கையில் கொடுத்தான்.

"உங்களுக்கு ரொம்ப அநியாயம் நடந்துடுச்சு அண்ணே" என்றான் அவர்களில் மூத்தவன். "ஆனா எங்களுக்கு அப்படி நடக்காது. அவர் எங்க எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்ணியிருக்காரு."

தர்ஸ்டன் மதுவைக் குடித்து முடித்தான். அவர்கள் வில்களைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாடிக்கொண்டே வடக்குச் சாலையில் ஏறினார்கள். சாலை திரும்பும் இடம்வரை அவர்கள் பாட்டு கேட்டது. வெயில் ஏறியிருந்தது. உப்பு வாரும் வேலை பாதியில் கிடந்தது. "வா, போகலாம்" என்றான் என்னிடம்.